வாதத்துக்கு முன் வாக்கெடுப்பு: ஐரோப்பிய அரசியல் சொற்கள் பிறந்த இடங்கள்

தாராளவாதம், பழமைவாதம், பயங்கரவாதம், சர்வாதிகாரம் என்று அடுக்கிச் சொன்னால், யாரோ நான்கு தத்துவ அறிஞர்கள் தனித்தனியே யோசித்துக் கண்டுபிடித்த கொள்கைகள் போல ஒலிக்கும். தமிழில் அந்தத் தோற்றம் இன்னும் கூடுதல். ஐரோப்பாவிலிருந்து எந்த அரசியல் சொல் வந்தாலும் அதன் வாலில் ஒரு 'வாதம்' ஒட்டிவிடுவது நம் வழக்கம். ஆனால் இந்தச் சொற்களில் சில, ஒரு மண்டபத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதைக் குறித்தவை. சில, எதிரி மேல் வீசிய வசைகள். ஒரு கட்சி மாநாட்டில் ஏழு பேர் எழுந்து போனதால் கிடைத்த பட்டம் ஒன்று உண்டு. நகராட்சித் தேர்தலில் நடந்த பட்டியல் தில்லுமுல்லுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. கொள்கை விளக்கங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கும்போது 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்று கேட்பதைவிட, 'எந்த ஆண்டில், யார், யாரைப் பார்த்துச் சொன்னது?' என்று கேட்பதுதான் உதவும்.

வலது, இடது: ஒரு தடையதிகாரச் சண்டை

1789 மே 5 அன்று வெர்சாயில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி கூட்டிய பேரவை 1614க்குப் பிறகு கூடவே இல்லை. மதகுருமார், பிரபுக்கள், மற்ற எல்லோரும் என அதில் மூன்று வகுப்புகள். மூன்றாம் வகுப்புக்கு மட்டும் ஏறத்தாழ 600 பிரதிநிதிகள். மற்ற இரண்டையும் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். ஆனால் வகுப்புக்கு ஒரு வாக்கு என்று எண்ணினால் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்க வேண்டியதுதான். தலைக்கு ஒரு வாக்கா, வகுப்புக்கு ஒரு வாக்கா என்ற இந்த நடைமுறைக் கேள்வியில்தான் புரட்சி தொடங்கியது. ஜூன் 17 அன்று மூன்றாம் வகுப்பு தன்னையே தேசிய மன்றம் என்று அறிவித்துக்கொண்டது.

ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் அடுத்த சண்டை. மன்றம் இயற்றும் சட்டத்தை மன்னர் தடுக்கலாமா? தடுக்கலாம் என்றவர்கள் மன்றத் தலைவரின் வலப்பக்கம் ஒன்றுசேர்ந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். கத்தலும் கூச்சலும் மிகுந்த மண்டபத்தில் தன் கட்சிக்காரன் பக்கத்தில் உட்கார்வது வசதி. அதற்கு மேல் அதில் தத்துவம் எதுவும் இல்லை. செப்டம்பர் 11 வாக்கெடுப்பில் முழுத் தடையதிகாரத்துக்கு 325 பேர், தற்காலிகத் தடையதிகாரத்துக்கு 673 பேர். தற்காலிகம் என்றால், மன்னர் மறுத்த சட்டத்தை அடுத்தடுத்து வரும் இரண்டு மன்றங்கள் அப்படியே மீண்டும் நிறைவேற்றினால் மன்னரின் ஒப்புதல் இல்லாமலே அது சட்டமாகிவிடும். மன்றத்தின் ஆயுள் இரண்டு ஆண்டு. ஆகவே ஒரு சட்டத்தை மன்னர் பல ஆண்டுகள் இழுத்தடிக்கலாம்.

சமரசம் போலத் தெரியும் இந்த ஏற்பாடு யாருக்கும் உதவவில்லை. அமைதியான காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். வெளிநாட்டுக்கு ஓடிய பிரபுக்கள் மீதும், புதிய உறுதிமொழி எடுக்க மறுத்த பாதிரியார்கள் மீதும் மன்றம் கொண்டுவந்த ஆணைகளை மன்னர் 1791 இறுதியில் தடுத்தபோது நாடு போரின் வாசலில் நின்றது. நான்கு ஆண்டு காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. வீட்டோ என்றால் தடையதிகாரம். தெருவில் அரசருக்கும் அரசிக்கும் 'திருவாளர் வீட்டோ', 'திருமதி வீட்டோ' என்று பட்டப்பெயர். 1792 ஆகஸ்டு 10 அன்று அரண்மனை தாக்கப்பட்டு முடியாட்சியே போனது. மன்னருக்குக் கிடைத்த அதிகாரம் கோபத்தைக் கிளறப் போதுமானதாக இருந்தது, அவரைக் காப்பாற்றப் போதவில்லை.

'இடது' என்றவுடன் ஏழைகளின் பக்கம் என்று எடுத்துக்கொள்வதில் ஒரு வழுக்கல் உண்டு. மன்னரின் தடையதிகாரத்தை எதிர்த்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த அதே மன்றம்தான் 1789 டிசம்பரில் குடிமக்களை இரண்டாகப் பிரித்தது. 25 வயது நிறைந்த ஆண், ஓராண்டு அதே ஊரில் குடியிருப்பு, வீட்டு வேலைக்காரராக இல்லாமை, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி: இவை எல்லாம் இருந்தால் 'செயலுரிமைக் குடிமகன்', வாக்கு உண்டு. இல்லையென்றால் 'செயலற்ற குடிமகன்'. சட்டப் பாதுகாப்பு உண்டு, வாக்கு கிடையாது. வாக்கு பெற்றவர்கள் சுமார் 43 லட்சம் ஆண்கள். அவர்களும் நேரடியாகப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியாது, தேர்வாளர்களைத்தான் தேர்ந்தெடுக்கலாம். தேர்வாளராக ஆகப் பத்து நாள் கூலி அளவு வரி கட்டியிருக்க வேண்டும். பெண்கள் கணக்கிலேயே இல்லை. பிரான்சில் அவர்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் வந்தது.

இருக்கைச் சண்டை இன்றும் ஓயவில்லை. 2017இலிருந்து ஜெர்மன் நாடாளுமன்றத்தில் தீவிர வலதுசாரிக் கட்சியின் பக்கத்து இருக்கைகளில் உட்கார வேண்டியிருந்த தாராளவாதக் கட்சி, 2021 டிசம்பரில் ஆளும் கூட்டணிக்கு வந்ததும் ஒரு வாக்கெடுப்பு வைத்துக் கிறித்துவ ஜனநாயகக் கட்சியோடு இடம் மாற்றிக்கொண்டது.

தாராளம் என்ற வசை

'லிபரல்' ஒரு கட்சிப் பெயராக முதலில் வழங்கியது இங்கிலாந்தில் அல்ல, பிரான்சிலும் அல்ல. ஸ்பெயினின் தென்மேற்குத் துறைமுகமான காதிஸ் நகரில். நெப்போலியனின் படை நாட்டைப் பிடித்திருக்க, 1810இல் அந்த மூலையில் கூடிய மன்றத்தில், அரசரின் வரம்பில்லா அதிகாரத்தை ஒடுக்க நினைத்தவர்களுக்கு 'லிபரலேஸ்' என்று பெயர். பெருந்தன்மையுள்ளவர், கைதாராளமானவர் என்பது அச்சொல்லின் பழைய பொருள். எதிரணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'செர்விலேஸ்', அடிவருடிகள். ஸ்பானிய மொழியில் அதையே 'செர் வில்' என்று பிரித்தால் 'இழிந்தவனாக இருத்தல்' என்று ஆகும். அச்சில் அப்படிப் பிரித்தே போட்டுக் கேலி செய்தார்கள்.

1812 மார்ச் 19 அன்று வந்த காதிஸ் அரசியலமைப்பில் 384 பிரிவுகள். இறையாண்மை தேசத்துக்கு உரியது என்றது, பத்திரிகைச் சுதந்திரம் தந்தது. அதே சாசனத்தின் 12ஆம் பிரிவு, கத்தோலிக்க மதமே ஒரே உண்மை மதம், வேறு எதையும் பின்பற்றத் தடை என்கிறது. முதல் தாராளவாதிகள் மதச்சார்பின்மையை ஏற்றவர்கள் அல்லர். 1814இல் திரும்பி வந்த மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டு அதை ஒரே ஆணையால் செல்லாததாக்கினார். ஆனால் 1820இல் கிளர்ச்சி செய்த படைவீரர்கள் அதை மீண்டும் ஏற்கச் செய்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் நேப்பிள்ஸிலும் அடுத்த ஆண்டு பியெட்மாண்டிலும் புரட்சி செய்தவர்கள் தாங்களாக ஒன்று எழுதாமல் ஸ்பெயினின் சாசனத்தையே பிரகடனம் செய்தார்கள். லண்டனில் டோரிகள் தங்கள் எதிரிகளான விக் கட்சியினரை வேண்டுமென்றே ஸ்பானிய வடிவத்தில் 'லிபரலேஸ்' என்று அழைத்தார்கள். வெளிநாட்டுக் கலகக்காரர்கள் என்பது உட்பொருள்.

அந்த 'டோரி'யும் 'விக்'கும் மட்டும் என்ன? முன்னது அயர்லாந்தின் வழிப்பறிக்காரர்களுக்கான சொல், பின்னது ஸ்காட்லாந்தின் கலகக்காரர்களுக்கான சொல். 1680 வாக்கில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதுதான் பிறகு கட்சிப் பெயரானது. 'கன்சர்வேடிவ்' இவற்றைவிடக் கொஞ்சம் நாகரிகமான பிறப்பு: 1818இல் பாரிஸில் எழுத்தாளர் ஷாத்தோப்ரியான் நடத்திய ஏட்டின் பெயரிலிருந்து பரவி, 1830களில் டோரிகளுக்கு ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழ் ஏடுகள் இதைப் 'பழமைபேண்' என்று எழுதுவது சொல்லுக்கு நெருக்கமானது. நம்முடைய 'பழமைவாதம்' மூடத்தனத்தின் வாடையைச் சேர்த்துவிடுகிறது.

தாராளவாதமும் ஜனநாயகமும் ஒன்று என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டைப் படிக்கும்போது பெரிய இடறல். பிரான்சில் 1814 சாசனத்தின்படி வாக்களிக்க 30 வயதும் 300 பிராங்க் நேரடி வரியும் வேண்டும். சுமார் மூன்று கோடி மக்களில் ஒரு லட்சம் பேர்கூடத் தேறவில்லை. 1830 புரட்சியில் தாராளவாதிகள் ஆட்சிக்கு வந்தபோது வரி வரம்பை 200 பிராங்காகவும் வயதை 25ஆகவும் குறைத்தார்கள், அவ்வளவுதான். 1847இலும் வாக்காளர்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டவில்லை. இதை அவர்கள் குறையாகவே கருதவில்லை. சொத்து உள்ளவனுக்குத்தான் சுயமாக வாக்களிக்கும் துணிவு இருக்கும், இல்லாதவன் முதலாளி சொன்னபடி போடுவான் என்பது அவர்களின் வாதம். அந்த அச்சம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.

90 லட்சம் வாக்குகள் எங்கே போயின?

1848 பிப்ரவரிப் புரட்சி பிரான்சின் வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தது. இரண்டரை லட்சம் ஒரே பாய்ச்சலில் 90 லட்சத்துக்கு மேல் போனது. பாரிஸின் புரட்சிக்காரர்கள் தேர்தலைத் தள்ளிவைக்கக் கெஞ்சினார்கள். கிராமத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரலில் தேர்தல் நடந்தது. புதிய வாக்காளர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஊர்ப் பிரமுகர்களும் மிதவாதிகளும் மன்றத்தை நிறைத்தார்கள். டிசம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன் 54 லட்சம் வாக்குகளோடு வென்றார். அவரைப் பற்றி விவசாயிக்குத் தெரிந்தது அந்தக் குடும்பப் பெயர் ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்ததில் ஒரு விசித்திரம் உண்டு. வாக்குரிமையைக் கண்டு மிரண்ட மன்றம், 1850 மே 31 சட்டத்தால் ஒரே இடத்தில் மூன்றாண்டு குடியிருந்தால்தான் வாக்கு என்று ஆக்கியது. வேலை தேடி இடம் மாறும் தொழிலாளர்கள் உட்பட சுமார் 30 லட்சம் பேர் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். 1851 டிசம்பர் 2 அன்று ஆட்சியைக் கவிழ்த்த லூயி நெப்போலியன் அன்றே ஒட்டிய அறிவிப்பில் அந்த 30 லட்சம் பேருக்கும் வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தார். மன்றத்தைக் கலைத்தவர் மக்களுக்கு வாக்குக் கொடுக்கிறார், மக்களின் மன்றம் வாக்கைப் பறிக்கிறது! நெப்போலியனின் குடும்பப் பெயரான போனபார்ட்டிலிருந்து வந்த 'போனபார்ட்டிசம்' என்ற சொல்லின் முழுச் சரக்கும் இந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

சில நாளில் அவர் நடத்திய பொதுவாக்கெடுப்பில் சுமார் 74 லட்சம் பேர் 'ஆம்', ஆறரை லட்சம் பேர் 'இல்லை'. இந்தக் கருவியின் கோளாறு எண்ணிக்கையில் இல்லை, கேள்வியில். கேள்வியை எழுதுபவர் ஆட்சியில் இருப்பவர். 'இல்லை' என்று போட்டால் அதற்குப் பதில் என்ன வரும் என்பது சீட்டில் இருக்காது. எதிர்ப்பிரசாரத்துக்கு வழியில்லை. நடந்துமுடிந்த காரியத்துக்கு ஒப்புதல் கேட்கப்படுகிறது. ஹிட்லர் 1933, 1934, 1938 ஆண்டுகளில் இதே கருவியைப் பயன்படுத்தினார். போருக்குப் பின் எழுதப்பட்ட மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், மாநில எல்லைகளை மாற்றியமைப்பதைத் தவிர வேறு எதற்கும் கூட்டாட்சி மட்டத்தில் பொதுவாக்கெடுப்பு முறையை வகுக்கவில்லை.

ரைன் நதிக்கு அப்பால் 1848 இன்னொரு வகையில் முடிந்தது. ஃபிராங்ஃபர்ட் நகரின் தூய பவுல் தேவாலயத்தில் மே 18 அன்று ஜெர்மன் தேசிய மன்றம் கூடியது. கட்சிகள் இன்னும் உருவாகவில்லை. ஒரே எண்ணமுள்ளவர்கள் மாலையில் எந்த விடுதியில் கூடினார்களோ அந்த விடுதியின் பெயரே அணியின் பெயர்: காசினோ, டாய்ச்சர் ஹோஃப், டோனர்ஸ்பெர்க், கஃபே மிலானி. ஆஸ்திரியாவையும் சேர்த்த பெரிய ஜெர்மனியா, அதை விட்ட சிறிய ஜெர்மனியா என்று மாதக்கணக்கில் விவாதித்து, 1849 மார்ச் 28 அன்று பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தார்கள்: ஆதரவு 290, வாக்களிக்காதவர் 248. அவர் மறுத்துவிட்டார். மன்றத்திடம் படை இல்லை, வரி வசூலிக்கும் அலுவலர் இல்லை. இந்தத் தோல்வியை மென்று விழுங்க முடியாத ரோஹாவ் என்ற தாராளவாதிதான் 1853இல் 'ரியல்பொலிடிக்' என்ற சொல்லை உருவாக்கினார். இன்று அது ஈவிரக்கமற்ற ராஜதந்திரம் என்று வழங்குகிறது. அவர் கேட்டது வேறு: நம் கொள்கை சரியாகவே இருக்கட்டும், அதைத் தாங்கும் பலம் சமூகத்தில் யாரிடம் இருக்கிறது?

பிரஷ்யா அதற்குத் தன் வழியில் விடை சொன்னது. 1849இலிருந்து 1918 வரை அங்கே மூன்று வகுப்பு வாக்குமுறை. ஒரு தொகுதியின் நேரடி வரி மொத்தத்தை மூன்று சமபங்காக்குவார்கள். அதிக வரி கட்டுபவரிலிருந்து பெயர்களை எழுதிக்கொண்டே வந்து, முதல் பங்கு நிறையும் இடத்தில் முதல் வகுப்பு முடியும். அடுத்த பங்கு இரண்டாம் வகுப்பு. மிச்சமுள்ள கூட்டம் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பும் ஒரே எண்ணிக்கையில் தேர்வாளர்களை அனுப்பும். 1908இல் முதல் வகுப்பில் வாக்காளர்களில் 4 சதவீதம், இரண்டாவதில் 14, மூன்றாவதில் 82. வாக்கும் ரகசியமில்லை, எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு வாங்கி 443 இடங்களில் 7 மட்டும் பெற்றது. அதே கட்சி, 25 வயது ஆண்கள் அனைவரும் சமமாக வாக்களித்த பேரரசு நாடாளுமன்றத்தில் 1912இல் 397இல் 110 இடங்களோடு மிகப்பெரிய கட்சி. பெர்லின் தொழிலாளி ஒருவர் ஒரு தேர்தலில் முழு மனிதர், இன்னொன்றில் துண்டு மனிதர்.

ஆட்சியில் இருந்த 'பயங்கரவாதி'

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இன்று பயங்கரவாதி என்றால் அரசை எதிர்த்துக் குண்டு வைப்பவர். சொல் பிறந்தபோது அது அரசை நடத்தியவர்களைக் குறித்தது. 1793 செப்டம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு சந்தேகத்துக்குரியோர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1794 ஜூன் 10 சட்டம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரையும் மறுத்து, தீர்ப்பை விடுதலை அல்லது மரணம் என்ற இரண்டில் ஒன்றாக்கியது. நீதிமன்றத் தீர்ப்பின்படி கொல்லப்பட்டவர்கள் நாடு முழுதும் சுமார் 17,000 பேர்.

ஜூலை 27 அன்று ரோபெஸ்பியர் வீழ்ந்தார். அவரை வீழ்த்தியவர்களில் ஒருவரான தாலியான் ஒரு மாதம் கழித்து, நடந்ததெல்லாம் 'பயங்கர ஆட்சிமுறை' என்று மன்றத்தில் உரையாற்றினார். போர்தோ நகரில் கில்லட்டினை இயக்கிய அரசுப் பிரதிநிதியே அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். 'டெரரிஸ்ட்' என்ற சொல் அந்த நாட்களில்தான் புழக்கத்துக்கு வந்தது, யார் யாரைப் பலி கொடுத்துத் தான் தப்பிப்பது என்ற கணக்கோடு. பொருள் தலைகீழானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வீசிக் கொன்ற ரஷ்ய மக்கள் விருப்பக் குழுவினர் அந்தப் பெயரைத் தாங்களே ஏற்றார்கள்.

ஏழு பேர் வெளியேறியதும் பெரும்பான்மை

1903 ஜூலை இறுதியில் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிற்கட்சியின் இரண்டாம் மாநாடு பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது. பெல்ஜியக் காவல்துறை தொல்லை கொடுக்கவே லண்டனுக்கு மாறியது. 43 பிரதிநிதிகள், சிலருக்கு இரண்டு வாக்கு என்பதால் மொத்தம் 51. கட்சி விதியின் முதல் பிரிவில் தகராறு: யார் உறுப்பினர்? கட்சி அமைப்பு ஒன்றில் நேரடியாகப் பங்கேற்பவர் மட்டும் என்றார் லெனின். அமைப்பின் வழிகாட்டுதலில் தொடர்ந்து உதவுபவரும் உறுப்பினர்தான் என்றார் மார்த்தொவ். 28க்கு 22 என்று மார்த்தொவ் வென்றார். ஆம், புகழ்பெற்ற அந்தப் பிளவு வாக்கெடுப்பில் லெனின் தோற்றார்.

பிறகு யூதத் தொழிலாளர் அமைப்பான பூந்து, தனக்குத் தன்னாட்சி மறுக்கப்பட்டதால் ஐந்து பேரோடு வெளியேறியது. இன்னும் இருவர் வேறு காரணத்துக்காகப் போனார்கள். ஏழு பேரும் மார்த்தொவ் பக்கம் வாக்களித்தவர்கள். மிச்சம் 44 வாக்கு; கணக்கு 24க்கு 20 என்று திரும்பியது. கட்சி ஏடான 'இஸ்க்ரா'வின் ஆசிரியர் குழுவை ஆறிலிருந்து மூன்றாகக் குறைக்கும் தேர்தலில் லெனின் வென்றார். பெரும்பான்மை என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து போல்ஷெவிக், சிறுபான்மை என்பதிலிருந்து மென்ஷெவிக். சில மாதத்திலேயே, லெனின் பக்கம் நின்ற ஆசிரியர் பிளெகானொவ் அணி மாற, ஏடு மென்ஷெவிக்குகள் கைக்குப் போனது. 1906 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் 'சிறுபான்மையினர்'தான்! இருந்தும் அந்தப் பெயரை அவர்கள் உதறவில்லை. கட்சி அரசியலில் இதைவிட மலிவாக எதிரிக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் குறைவு.

1918 மார்ச்சில் லெனினின் கட்சி 'கம்யூனிஸ்ட்' என்று பெயரை மாற்றியது. 1914 ஆகஸ்டு 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகவாதிகள் போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்த பிறகு 'சமூக ஜனநாயகம்' என்ற பெயர் அவருக்கு அழுக்குச் சட்டையாகிவிட்டது. புதுப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'போல்ஷெவிக்' 1952 வரை தொடர்ந்தது.

இரண்டு பட்டியலும் நமதே

ஃபாஷியோ என்றால் இத்தாலிய மொழியில் கட்டு, கற்றை. 1890களில் சிசிலியில் 'ஃபாஷி' என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் கூலி உயர்வும் குத்தகைச் சீர்திருத்தமும் கேட்ட இடதுசாரி விவசாயிகள். 1919 மார்ச் 23 அன்று மிலானில் முசோலினி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். 1922 அக்டோபரில் அவர் பிரதமரானபோது 535 பேர் கொண்ட மன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்தவர்கள் சுமார் 35 பேர். தேர்தல் அவரை ஆட்சிக்குக் கொண்டுவரவில்லை, மன்னர் அழைத்தார்.

அடுத்த வேலை கணக்கை மாற்றுவது. 1923 அசெர்போ சட்டம்: நாடு முழுதும் முதலிடம் பெறும் பட்டியல் 25 சதவீத வாக்கு வாங்கினால் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் அதற்கு. அதே ஆண்டு நகராட்சித் தேர்தல்களில் வென்ற பட்டியலுக்குப் பெரும்பங்கு, எதிரணிப் பட்டியலுக்கு மிச்சம் என்ற விதி இருந்தது. பாசிஸ்டுகள் சில ஊர்களில் பெரும்பான்மைப் பட்டியலையும் தாங்களே போட்டு, சிறுபான்மைப் பட்டியலையும் தாங்களே போட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவரும் பத்திரிகையாளருமான ஜொவான்னி அமெந்தோலா 1923 மே மாதம் இதற்கு 'தொத்தாலித்தாரியோ' முறை, அனைத்தையும் அள்ளும் முறை, என்று பெயர் வைத்தார். 1924 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில் அதே தந்திரம் மறுபடி அரங்கேறியது: தேசியப் பட்டியலுக்கு 355 இடம், சில பகுதிகளில் போட்ட இரண்டாம் பட்டியலுக்கு 19. முறைகேடுகளை மன்றத்தில் அம்பலப்படுத்திய சோஷலிச உறுப்பினர் மாத்தேயோத்தி ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். அமெந்தோலா 1925இல் அடித்து நொறுக்கப்பட்டு அடுத்த ஆண்டு இறந்தார். அவர் வசையாக வைத்த சொல்லை முசோலினி 1925இல் பெருமையோடு தனதாக்கிக்கொண்டார்.

ஆனால் எல்லாம் அவர் கைக்குள் வந்துவிடவில்லை. மன்னர் இருந்தார், திருச்சபை இருந்தது. 1943 ஜூலையில் பாசிசப் பெருமன்றத்தில் 19 பேர் எதிராக வாக்களித்ததும் மன்னர் அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

48ஆம் பிரிவு

'டிக்டேட்டர்' பழைய ரோமாபுரியில் ஒரு சட்டபூர்வப் பதவி. நெருக்கடி வந்தால் நியமிப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. நம் 'சர்வாதிகாரி'யில் இந்தக் காலவரம்பு காணாமல் போகிறது, 'சர்வ' என்ற ஒட்டு அதை விழுங்கிவிடுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி ஏற்ற 1919 வைமர் அரசியலமைப்பின் 48ஆம் பிரிவைப் புரிந்துகொள்ள அந்த ரோமானியப் பொருள் தேவை. பொதுப் பாதுகாப்புக்குக் கடும் இடையூறு வந்தால் குடியரசுத் தலைவர் ஆணையிடலாம், குறிப்பிட்ட ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். உடனே நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மன்றம் கேட்டால் ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். விவரங்களைத் தனிச் சட்டம் வகுக்கும் என்கிறது கடைசி வரி. அந்தத் தனிச் சட்டம் கடைசிவரை இயற்றப்படவே இல்லை.

பூட்டு சரியாகத்தான் இருந்தது. உடைந்தது 25ஆம் பிரிவின் வழியாக. அது மன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தைத் தலைவருக்குத் தந்தது. 1930 ஜூலையில் பிரதமர் ப்ரூனிங்கின் நிதி மசோதாவை மன்றம் நிராகரித்தது. அதையே 48ஆம் பிரிவின் கீழ் ஆணையாக வெளியிட்டார்கள். ஜூலை 18 அன்று 236 வாக்குகளால் மன்றம் ஆணையை ரத்து செய்யச் சொன்னது. அன்றே மன்றம் கலைக்கப்பட்டது. ஜூலை 26இல் ஆணை மீண்டும் வந்தது. செப்டம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடத்திலிருந்து 107க்குத் தாவியது. அதன் பிறகு எண்களே கதை சொல்லும். 1930இல் மன்றம் இயற்றிய சட்டம் 98, அவசர ஆணை 5. 1931இல் சட்டம் 34, ஆணை 44. 1932இல் சட்டம் 5, ஆணை 66.

மன்றம் ஏன் தடுக்கவில்லை? 54ஆம் பிரிவின்படி பிரதமரைக் கவிழ்க்கப் பெரும்பான்மை போதும். அடுத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. 1932 ஜூலைத் தேர்தலுக்குப் பின் 608 இடங்களில் நாஜிகள் 230, கம்யூனிஸ்டுகள் 89. எதையும் சேர்ந்து கட்ட முடியாத இந்த இருவருக்கும் கவிழ்க்க மட்டும் பெரும்பான்மை இருந்தது. செப்டம்பர் 12 அன்று அப்போதைய பிரதமர் பாப்பெனின் அரசுக்கு எதிராக 512 வாக்கு, ஆதரவாக 42.

ஹிட்லர் பிரதமரான பின் வந்த 1933 பிப்ரவரி 28 ஆணை அந்த ஏழு உரிமைகளையும் 'மறு அறிவிப்பு வரை' நிறுத்தியது. மறு அறிவிப்பு 1945 வரை வரவில்லை. மன்றத்தைக் கேட்காமல் அரசே சட்டம் இயற்ற வழிசெய்த மார்ச் 23 அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் இருக்க வேண்டும் என்பது விதி. வெளிநடப்பால் கூட்டம் செல்லாமல் போகலாம் என்று அஞ்சி, காரணமின்றி வராதவரும் வந்தவராகக் கணக்கு என்று அவை விதியை முன்கூட்டியே திருத்தினார்கள். 81 கம்யூனிஸ்டுகள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த வைமரை ஒற்றை வரியில் மனப்பாடம் செய்திருப்பார்கள்: நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை இந்திய அரசியலமைப்பு அங்கிருந்து எடுத்தது. 1975-77 நெருக்கடி நிலையில் நம் 359ஆம் பிரிவு எப்படி வேலை செய்தது என்பதையும், 1978இன் 44ஆம் திருத்தம் உயிர்வாழும் உரிமையை ஏன் அதன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தது என்பதையும் அந்த வரியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பான் நகரில் 1949இல் அடிப்படைச் சட்டம் எழுதியவர்கள் ஜனநாயகம் பற்றிப் புதிய தத்துவம் தேடவில்லை. உடைந்த பூட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 67ஆம் பிரிவின்படி பிரதமரை நீக்க, அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு 'ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம்' என்று பெயர். ஸ்பெயின் 1978இல் இதை அப்படியே எடுத்துக்கொண்டது; 2018 ஜூனில் 180 வாக்குகளோடு சான்சேஸ் பிரதமரானது அந்த வழியில்தான். ஜெர்மனியில் முதல் முயற்சி 1972 ஏப்ரல் 27. பிரதமர் பிராண்ட்டை நீக்க எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செல்லுக்கு 249 வாக்கு தேவைப்பட்டது, கிடைத்தது 247. பார்ட்செல் கட்சி உறுப்பினர் ஒருவர் மறுபக்கம் போகக் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறை 50,000 மார்க் கொடுத்திருந்தது என்பது பின்னாளில் வெளிவந்தது.